சட்டம் சொல்லிக் கொடுத்தவர்

குழந்தைகளே! ரஷ்யாவைப் பற்றிய செய்திகளில் டிமித்ரி மெத்வதேவ் என்ற பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, அணு ஆயுதத்தைச் சொல்லிப் பலமுறை மிரட்டியவர் இவர். ஆனால், இவர் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்!

மெத்வதேவ் 1965இல் லெனின்கிராடு நகரில் பிறந்தார். (அந்த நகரின் இன்றைய பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்.) அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1987இல் சட்டப் படிப்பை முடித்தார். பிறகு 1999 வரை அங்கேயே பாடம் நடத்தினார். வேறு சில ஆசிரியர்களுடன் சேர்ந்து சட்டப் பாடநூலும் எழுதினார்.

அதே பல்கலைக்கழகப் பேராசிரியரான அனதோலி சோப்சாக் 1991இல் நகர மேயரானார். அவருடைய நிர்வாகத்தில் மெத்வதேவ் சட்ட ஆலோசகராக வேலை செய்தார். அங்கே அவருக்கு மேலதிகாரி யார் தெரியுமா? விளாதிமிர் புடின்!

புடின் 2000இல் ரஷ்ய அதிபரானார். மெத்வதேவும் படிப்படியாக உயர்ந்தார்.

இப்போது ஒரு சட்டத்தைப் பார்ப்போம். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்றது ரஷ்யாவின் 1993ஆம் ஆண்டு அரசியல் சாசனம். எதற்காக? அதிகாரம் ஒருவர் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

2008இல் புடினின் இரண்டு முறையும் முடிந்தது. மெத்வதேவ் அதிபரானார், புடின் பிரதமரானார். நாட்டில் சட்டத்தை யாரும் மதிப்பதில்லை என்று வருத்தப்பட்டுப் பேசியவர் மெத்வதேவ். 2010இல் அணு ஆயுதங்களைக் குறைக்க அமெரிக்காவுடன் ஒப்பந்தமும் செய்தார். நல்ல தொடக்கம்தான்.

ஆனால், அதிபரின் பதவிக்காலத்தை 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக நீட்டியவரும் அவரே. 2012இல் இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். புடின் மீண்டும் அதிபர், மெத்வதேவ் பிரதமர். 2020இல் மெத்வதேவ் அந்தப் பதவியிலிருந்து விலகி, பாதுகாப்பு கவுன்சிலின் துணைத் தலைவரானார். அதே ஆண்டு அரசியல் சாசனம் மறுபடி திருத்தப்பட்டது. புடின் முன்பு அதிபராக இருந்த காலம் கணக்கில் சேராது என்று ஆயிற்று! 2024இல் அவர் ஐந்தாவது முறையாக அதிபரானார்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு. 'ஒரே மாணவன் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வகுப்புத் தலைவனாக இருக்கக் கூடாது' என்பது விதி. முருகன் இரண்டு ஆண்டு இருந்தான். மூன்றாம் ஆண்டு தன் நண்பன் கண்ணனை உட்கார வைத்தான். நான்காம் ஆண்டு மறுபடியும் முருகனே வந்துவிட்டான். விதியை மீறினானா? இல்லை. ஆனால், மற்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்ததா?

விதியின் எழுத்து பிழைத்தது, நோக்கம் போய்விட்டது. அந்த நோக்கம் சட்ட ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தவரே அதைக் காப்பாற்றவில்லை என்பதுதான் வேதனை.

குழந்தைகளே, உங்கள் பள்ளி விதிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்காக வந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான், யாராவது அதை வளைக்கும்போது உங்களுக்குப் புரியும்.