கலர் மட்டும்தான் நாம் சொல்ல வேண்டுமா?

மூன்று மாதங்களுக்கு முன் என்னவரோடு ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். ஏழு பேர் போகிற மாதிரி பெரிய எஸ்.யு.வி. பார்க்கத்தான். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி முக்கால் மணி நேரம் என்னவரிடமே பேசினார். இன்ஜின், டர்போ, சன்ரூஃப், பத்து ஸ்பீக்கர்... என்னென்னவோ சொன்னார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க கலர் மட்டும் சொல்லிடுங்க, புக் பண்ணிடலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை. மளிகைக் கடையில் துவரம் பருப்பு கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் கேள்வி கேட்பவள் நான். முப்பது லட்ச ரூபாய் விஷயத்தில் எனக்குக் கலர் மட்டும்தானா?

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பால் கணக்கு எழுதுகிற அதே நோட்டுதான்.

வண்டியின் ஷோரூம் விலை 25 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்திவிட்டார்கள். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 சதவீதம். ஆக, வரி மட்டும் 5 லட்சம். இன்ஷூரன்ஸ் ஏறக்குறைய ஒரு லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் வருமான வரிக்காக ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் (இது கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளக் கூடியதுதான்). எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட முப்பத்தொன்றரை லட்சம் வருகிறது. இது போதாதென்று அந்த 25 லட்சத்துக்குள்ளேயே ஜி.எஸ்.டி. ஒளிந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்ததாம், இப்போது குறைத்திருக்கிறார்கள்! குறைத்த பிறகும் அதில் 7 லட்சத்துக்கு மேல் வரிதான். ஆக, முப்பத்தொன்றரை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது சுமார் 18 லட்சத்து வண்டி. மற்றதெல்லாம் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே காற்றில் கரைந்துவிடும்.

"பணத்துக்கு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். 20 லட்சம் பேங்க் லோன். பழைய காரை விற்றால் மூன்றரை. மீதி 8 லட்சத்துக்கு... பெண் பேரில் போட்டிருக்கிற டெபாசிட்டை உடைப்பதாம். பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதில்ல, அதுக்குள்ள திருப்பிப் போட்டுடலாம்" என்கிறார். 20 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 7 வருஷம் கட்டினால் மாதம் 32 ஆயிரம் தவணை. அதைக் கட்டிக்கொண்டு 8 லட்சத்தை எங்கிருந்து திருப்பிப் போடுவது? சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள்!

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், அவர் வேறு யோசனை சொன்னார். "புதுசு வேண்டாம்னா விடு. அதே காசுக்குக் கம்மியாவே வெளிநாட்டு கம்பெனி வண்டி, அஞ்சாறு வருஷம் ஓடினது கிடைக்குது. புதுசுல எண்பது லட்சம். இப்ப இருபத்தஞ்சுக்குத் தர்றாங்க" என்று போனில் படங்களைக் காட்டினார். பார்க்க ராஜா வீட்டுத் தேர் மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. கோவிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ அதில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்!

ஆனால் என் அண்ணன் வீட்டுக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். அவரும் இப்படித்தான் ஆறு வருஷப் பழைய சொகுசு வண்டி ஒன்றை 24 லட்சத்துக்கு வாங்கினார். முதல் வருஷம் ஊரே திரும்பிப் பார்த்தது. இரண்டாம் வருஷம் ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. அந்த வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்திருப்பார்களாம், அதில் கசிவு. பையோடு கம்ப்ரசரும் போய்விட்டது. பில் இரண்டே முக்கால் லட்சம். பார்ட்ஸ் வருவதற்காக நாற்பது நாள் சர்வீஸ் சென்டரிலேயே நின்றது. அண்ணியின் வளையல் பேங்குக்குப் போனது. அண்ணி என்னிடம் போனில் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது. "வண்டிதான் கண்ணு பழசாச்சு, பில்லு பழசாகலையே!"

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். பழைய சொகுசு வண்டியின் விலை பாதிக்குக் கீழே இறங்கும். ஆனால் அதன் பிரேக் பேடும், டயரும், ஹெட்லைட்டும், மெக்கானிக் கூலியும் இறங்குவதில்லை. 25 லட்சம் கொடுத்து வாங்கினாலும் அது 80 லட்சம் வண்டிதான், தீனி அந்தக் கணக்கில்தான் கேட்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை! இன்ஷூரன்ஸில் தேய்மானம் கழிக்காமல் முழுப் பணம் தருகிற பாலிசியும் ஐந்து வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு லேசில் கிடைப்பதில்லை.

அதற்காகப் பழசே கூடாது என்று சொல்ல மாட்டேன். என் கட்சி வேறு. புதிதாக வாங்கினால் எந்த வண்டியின் சர்வீஸ் பில்லை நம்மால் கட்ட முடியுமோ, அந்த வண்டியைப் பழசாக வாங்கலாம். புதுசில் நம்மால் தொட முடியாததைப் பழசில் தொடவே கூடாது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் வண்டியின் மதிப்பை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆறு மாதம் முடிந்தாலே 15 சதவீதம், இரண்டு வருஷம் தாண்டினால் 30, நான்கு வருஷம் தாண்டினால் 50. வரி கட்டின காசு தனியாகப் போச்சு. இந்த அடியை முதல் சொந்தக்காரர் வாங்கிக்கொள்ளட்டுமே, மூன்று வருஷம் ஆனதும் நாம் வாங்கலாமே என்று தோன்றியது. ஆனால் எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பலிக்காது. டொயோட்டா இன்னோவா, ஃபார்ச்சூனர் போன்றவை பழசானாலும் விலை லேசில் இறங்காது. அவற்றைப் பழசில் வாங்கி மிச்சம் பிடிப்பது கஷ்டம். வாங்கினால் பதினைந்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர்கள், கடன் இல்லாமல் வாங்க முடிந்தவர்கள் புதுசே வாங்கலாம், அது நியாயம்தான்.

அடுத்து நான் செய்தது, என்னவருக்குப் பிடிக்காத காரியம். வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அத்தையையும் (மாமியார்) கூட்டிக்கொண்டு போனேன். ஏழு சீட் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். மூன்றாவது வரிசைக்கு நடு சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, காலை மடித்து ஏற வேண்டும். முட்டி வலிக்காரரான அத்தை நடு வரிசைக்கு ஏறவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. படி இல்லாத வண்டியை அன்றே தள்ளிவிட்டோம். ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கியைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு பைக்கு மேல் வைக்க இடமில்லை. பழனிக்குப் போனால் பஞ்சாமிர்த டப்பாவை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்!

பெட்ரோலா, டீசலா என்பதிலும் ஒரு சண்டை. டீசல்தான் சிக்கனம் என்பது என்னவர் வாதம். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. வேகமாக நெடுந்தூரம் ஓடினால்தான் அந்தக் கரி சூட்டில் எரிந்து சுத்தமாகும். எங்கள் வண்டியின் அன்றாட ஓட்டமோ ஸ்கூலுக்கு நாலு கிலோமீட்டர், உழவர் சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாற்றினால் பெரிய செலவு. இதை மெக்கானிக் சொன்ன பிறகுதான் அவர் டீசலை விட்டார்.

தரகர்கள் காட்டிய வண்டிகளில் சிலது டெல்லி ரிஜிஸ்டர். அங்கே பத்து வருஷ டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து அங்குள்ள வண்டிகள் மலிவாகத் தெற்கே வர ஆரம்பித்தன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வந்து வண்டியின் வயசுக்கு ஏற்ப ஆயுள் வரியும் கட்டினால் மலிவு எங்கே போனது என்று தெரியாது.

இன்னொன்று, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனை ஆயிரம் கார்கள் தண்ணீரில் நின்றன என்று டி.வி.யில் பார்த்தோமே, எல்லாமா பழைய இரும்புக்குப் போயிருக்கும்? கழுவி, சென்ட் அடித்து நிறுத்திவிடுவார்கள். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடி நுனியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். ஸ்டெப்னி வைக்கிற குழியில் கையை விட்டால் மண் ஒட்டும். ஒரு வண்டியில் எனக்கே அப்படி ஒட்டியது! என்னவர் அப்போது சன்ரூஃப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். புடவை வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதே, அது இங்கே நன்றாகவே உதவும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் அச்சடித்திருக்கும். 1422 என்றால் 2022-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. மீட்டர் 25 ஆயிரம் காட்டி, டயர் வண்டியைவிட இரண்டு வயது இளையதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

கடைசியில் கோவையில் தெரிந்த குடும்பத்திடம் மூன்று வருஷம் ஆன ஏழு சீட் பெட்ரோல் வண்டி கிடைத்தது. 31 ஆயிரம் கிலோமீட்டர். அவர்களையே கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் முழு ஹிஸ்டரியையும் எடுத்துப் பார்த்தோம். விலை 17 லட்சம். தனி நபரிடம் வாங்கியதால் ஜி.எஸ்.டி. இல்லை. (2025 ஜனவரியிலிருந்து வியாபாரிகள் விற்கும் பழைய வண்டிகளுக்கு 18 சதவீதம் உண்டு. ஆனால் அது அவர்களுடைய லாபத்தின் மேல்தான், முழு விலையின் மேல் அல்ல. யாராவது முழு விலைக்குக் கேட்டால் ஏமாறாதீர்கள்.) தமிழ்நாட்டு வண்டியே என்பதால் ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டியதில்லை. அவர்கள் லோனை அடைத்துவிட்டதற்கு பேங்க் கடிதமும் ஃபாரம் 35-ம், பெயர் மாற்ற 29, 30 ஃபாரங்களும் கையெழுத்தாகி வந்த பிறகே முழுப் பணம் கொடுத்தோம். பழைய காரை விற்கும்போது நோ க்ளெய்ம் போனஸ் சர்ட்டிபிகேட் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது வண்டிக்குச் சேர்ந்ததல்ல, நமக்குச் சேர்ந்தது. இந்த வண்டிக்கு எங்கள் பெயரில் பாலிசி எடுக்கும்போது தள்ளுபடி கிடைத்தது.

பழைய வண்டி லோனுக்கு வட்டி கூடத்தான், 11 சதவீதம். ஆனால் 10 லட்சம் மட்டுமே எடுத்து 5 வருஷம் என்று வைத்ததால் மாதம் 21,700-ல் நிற்கிறது. பழைய கார் விற்ற மூன்றரையும், என் சீட்டுப் பணத்தோடு அவர் சேமிப்பும் சேர்ந்த மூன்றரையும் மீதிக்குச் சரியாகப் போயிற்று. பெண்ணின் டெபாசிட் அப்படியே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வாரண்டி முடிந்துவிட்டது, ராத்திரி வழியில் நின்றால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு உண்டு. நான் பார்த்த புது வண்டியில் ஆறு ஏர்பேக்கும், சுற்றிலும் தெரிகிற கேமராவும் இருந்தன. இதில் ஆறு ஏர்பேக் இருக்கிறது, கேமரா பின்னால் மட்டும்தான். ஏர்பேக்கும் இரண்டுதான் என்றிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, செகண்ட் ஹேண்டுங்களா?" என்றார். என்னவர் முகம் சுருங்கிவிட்டது. அத்தைதான் எலுமிச்சம் பழத்தை டயருக்கு அடியில் வைத்துக்கொண்டே, "எங்களுக்குப் புதுசுதான் சாமி" என்றார்.

ஆர்.சி. என் பெயருக்கே மாற்றச் சொல்லி வாங்கிவிட்டேன். முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் சீட்டு எடுத்ததும் மாற்ற வேண்டும்.

- ஓர் இல்லத்தரசி, ஈரோடு.