ரிப்போர்ட்டுக்கு முன்னாடி விரலைக் காட்டுங்க

1/ தஞ்சாவூர் பக்கம் நடவு வேலை செய்யுற ரெண்டு பெண்களைப் பத்தி சொல்றேன்.

2/ முதல் அம்மாவுக்கு 58 வயசு. முழங்கால் வலி. ரத்தப் பரிசோதனையில ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். "எனக்கு சரவாங்கியாம் டாக்டர்"னு அழுதாங்க. ஆறு மாசம் ஸ்டீராய்டு சாப்பிட்டு சுகர் ஏறியிருந்தது. உண்மையில் அது வெறும் மூட்டுத் தேய்மானம்.

3/ அடுத்தவருக்கு 34 வயசு. ஆர்.ஏ. நெகட்டிவ். "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லி எட்டு மாசம் வலி ஊசி மட்டும் போட்டிருக்காங்க. காலையில எழுந்தா ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியலை, நாத்து முடியைப் பிடிக்க முடியலை. இவருக்குத்தான் முடக்குவாதம். எக்ஸ்ரேயில் எலும்பு அரிக்கவே ஆரம்பிச்சிருந்தது.

4/ எப்படி இப்படி ஆகுது? ஆரோக்கியமானவர்களிலேயே 100க்கு சுமார் 5 பேருக்கு ஆர்.ஏ. பாசிட்டிவ் வரும். வயசானா இன்னும் அதிகம். காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ் சி இருந்தாலும் வரலாம்.

5/ ஒரு ஊர்ல 1000 பேருக்கும் டெஸ்ட் எடுக்கிறோம்னு வைங்க. 10 பேருக்கு முடக்குவாதம் இருந்தா, அதில் 7 பேருக்குத்தான் பாசிட்டிவ் வரும். நோய் இல்லாத 50 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக, பயந்துபோற 57 பேரில் 50 பேருக்கு நோயே கிடையாது. நோய் இருக்கிற 3 பேர் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க.

6/ ஏ.எஸ்.ஓ. டெஸ்ட்? அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சமீபத்தில் தொண்டையைத் தாக்கியிருக்கலாம்னு மட்டும்தான் சொல்லும். முடக்குவாதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

7/ ஏ.என்.ஏ.வும் அப்படித்தான். குறைந்த அளவில் ஆரோக்கியமான பலருக்கும் பாசிட்டிவ் வரும். முகத்தில் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண், விடாத காய்ச்சல், சிறுநீரில் புரதம்னு லூபஸ் சந்தேகம் இருந்தால்தான் அதுக்கு அர்த்தம்.

8/ டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லலை. சந்தேகம் முதல்ல வரணும், டெஸ்ட் பின்னாடி வரணும். கையைத் தொட்டுப் பார்க்காமலே "ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்" எழுதிக் கொடுக்கிற டாக்டர்களான எங்க மேலயும் தப்பு இருக்கு.

9/ ரெண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடிச்சு, ஆறு வாரம் தாண்டிட்டா, ரிப்போர்ட் நெகட்டிவா இருந்தாலும் விடாதீங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல் சில மாசத்துலயே மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்தலாம். அந்த 34 வயசுக்காரருக்கு நாம தவறவிட்டது அந்த மாசங்களைத்தான்.