கறுப்பு எருது வங்கியும் கார்மார்தன்ஷயரின் வாக்குகளும்

டேவிட் ஜோன்ஸ் 1852 முதல் 1868 வரை வேல்ஸின் கார்மார்தன்ஷயர் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். வங்கியாளர், அரசியல்வாதி என்று இரண்டு சொற்களில் வாழ்க்கைக் குறிப்புகள் அவரை முடித்துவிடுகின்றன. அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள காற்புள்ளிதான் சிக்கல். அவை இரண்டு வாழ்க்கைகள் அல்ல.

அவருடைய பாட்டனாரின் பெயரும் டேவிட் ஜோன்ஸ்தான். வேல்ஸின் மாடுகளை இங்கிலாந்துச் சந்தைகளுக்கு நடத்திச் சென்ற மாட்டு வணிகர்கள் பொன் நாணயங்களுடன் வழிப்பறிக்கு அஞ்சித் திரும்பிய காலம் அது. அந்தத் தொழிலை உள்ளிருந்து அறிந்த பாட்டனார், 1799இல் லாண்டவரி என்னும் சிற்றூரில் வங்கி தொடங்கினார். அதன் பணத்தாள்களில் கறுப்பு எருதின் படம் இருந்தது. எழுத்தறியாத உழவரும் அந்த எருதை அறிவார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல நாட்டுப்புற வங்கிகளை வீழ்த்திய 1825ஆம் ஆண்டு நெருக்கடியிலும் அது நிலைத்து நின்றது. பேரனின் அரசியல் முதலீட்டில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையே எனலாம்.

ஆனால் 1872 வரை வாக்களிப்பு வெளிப்படையானது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை ஊரே அறியும். கடன் கொடுத்தவரும் அறிவார். லிபரல் கட்சிக்கு வாக்களித்த குத்தகையாளர்களை 1868 தேர்தலுக்குப் பின் நிலவுடைமையாளர்கள் வெளியேற்றிய செய்தி, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமாகவே பதிவாயிற்று. வெளியேற்றம் தடயம் விட்டுச் செல்லும். புதுப்பிக்கப்படாத கடன் எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. ஆகவே, வங்கியாளரின் செல்வாக்கை நிலக்கிழாரின் செல்வாக்கை அளக்கும் அதே கோலால் அளப்பது பிழை. ஜோன்ஸ் எவரையும் மிரட்டினார் என்பதல்ல வாதம்; மிரட்ட வேண்டிய தேவையே எழாத இடத்தில் அவர் இருந்தார் என்பதே.

இவ்வாதத்திற்கு ஒரு தடையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1868இல் அக்குடும்பத்தின் இடத்தைத் தம்பி ஜான் ஜோன்ஸ் பெற்றார். அண்ணன் மறுஆண்டே மறைந்தார். இரகசிய வாக்குச்சீட்டு நடைமுறைக்கு வந்தபின் நடந்த 1874 பொதுத்தேர்தலிலும் ஜான் வென்றார். 1880 வரை நீடித்தார். அச்சம் மட்டுமே வாக்காயிற்று என்று சொல்பவர்கள் அந்த வெற்றியை விளக்கியாக வேண்டும்.