அழிக்கும் முன் ஆராய்வோம்

2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12.09 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான சிறிய புதுப்பிப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. அதில் பிழை இருப்பது தெரிந்து 1.27 மணிக்கு அதை மீட்டுக்கொண்டது. இடைப்பட்ட நேரம் 78 நிமிடங்கள்தான். அதற்குள் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில்கூட சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய நேர்ந்தது.

அன்றைய நீண்ட வரிசைகளும் நீலத்திரைகளும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கணினிகள் எப்படிச் சரிசெய்யப்பட்டன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மாணவர்களாகிய நமக்குப் பயன்படும் பாடம் அங்குதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். புதுப்பிப்பில் வந்த விதி ஒன்று 21ஆவது தகவலைச் சரிபார்க்கச் சொன்னது. கணினியில் இருந்த மென்பொருளோ 20 தகவல்களை மட்டுமே தந்தது. இல்லாத ஒன்றைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்கப் போய், மென்பொருள் நிலைகுலைந்தது. அது இயங்குதளத்தின் உட்கருவில் இயங்கும் மென்பொருள் என்பதால் கணினியையும் சேர்த்து வீழ்த்தியது. கணினி எழும்போதே அதுவும் எழும். ஆகவே கணினி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது.

இதற்கான மருந்து மிகச் சிறியது. கணினியைப் பாதுகாப்பு நிலையில், அதாவது ‘சேஃப் மோட்’ நிலையில் தொடங்கி, குறிப்பிட்ட அந்தக் கோப்பை நீக்க வேண்டும். அவ்வளவுதான். கணினியை முழுவதும் அழிக்கவோ புதிதாக வாங்கவோ தேவை இருக்கவில்லை. தொழில்நுட்பர்கள் மேசை மேசையாகச் சென்று இதைச் செய்ய வேண்டியிருந்ததால்தான் நாள்கணக்கில் ஆனது. பல கணினிகளில் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததால், அவற்றைத் திறக்க மீட்புக் குறியீடும் தேவைப்பட்டது. குறியீட்டைக் கையில் வைத்திருந்தவர்களின் வேலை விரைவாக முடிந்தது.

நம் மடிக்கணினிகளுக்கும் இதே நிலை வரலாம். இரவில் ‘அப்டேட்’ ஓடியிருக்கும். காலையில் திரை கறுப்பாகவோ நீலமாகவோ நிற்கும். பல்கலைக்கழக விடுதியில் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் இப்படி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சிடலாமா?”

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதைதான் இது. தவறான புதுப்பிப்பு பொதுவாகக் கணினியைத் தொடங்கவிடாமல் தடுக்குமே தவிர, நம் கட்டுரைகளையும் ஆய்வுத் தரவுகளையும் குடும்பப் படங்களையும் அழிப்பதில்லை. பதற்றத்தில் நாம் அழுத்தும் அடுத்த பொத்தான்தான் அவற்றை அழிக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது கணினிக்கும் பொருந்தும்.

எங்கே நின்றது என்று பாருங்கள்

மின்பொத்தானை அழுத்தியதும் கணினி ஒரே தாவலில் எழுந்துவிடுவதில்லை. முதலில் மின்சாரம் வர வேண்டும். பிறகு தாய்ப்பலகையில் உள்ள அடிப்படை மென்பொருள் நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கும். அடுத்து இயங்குதளத்தைத் தேடித் தொடங்கும். இயங்குதளம் தன் உட்கருவையும் வன்பொருள் இயக்கிகளையும் ஏற்றும். கடைசியாகத்தான் கடவுச்சொல் கேட்கும் திரை வரும். கணினி இந்தப் படிகளில் எதில் நின்றது என்று தெரிந்தாலே பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடலாம்.

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தை. வேறொரு மின்னூட்டியைப் பயன்படுத்திப் பாருங்கள். பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து முழுவதும் அணைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தெரிந்து அதற்குமேல் நகரவில்லை என்றால், செருகியுள்ள விரலி, வெளி வன்தட்டு, அச்சுப்பொறி அனைத்தையும் கழற்றுங்கள். சில நேரம் கணினி விரலியிலிருந்து தொடங்க முயன்று மாட்டிக்கொண்டிருக்கும்.

விழுக்காட்டு எண் காட்டிக்கொண்டு புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். பழைய கணினிகளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பாதியில் அணைப்பதே பல கணினிகள் எழாமல் போவதற்குக் காரணமாகிறது.

நீலத்திரை வந்தால் அதில் உள்ள பிழைக் குறியீட்டைத் திறன்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கப் போகும்போது “என்னமோ நீலமா வந்துச்சு” என்று சொல்வதைவிட அந்தப் படம் பல மடங்கு உதவும்.

கடவுச்சொல்லைத் தட்டிய பிறகு கறுப்புத் திரை மட்டும் வந்தால், திரை இயக்கியில் கோளாறு இருக்கலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் அந்த இயக்கி மட்டும் மீண்டும் தொடங்கும். இதில் எதுவும் அழியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புதுப்பிப்புக்குப் பின் நின்றது என்பதாலேயே புதுப்பிப்பால் நின்றது என்று ஆகிவிடாது. நம்மில் பலர் மடிக்கணினியை வாரக்கணக்கில் அணைப்பதே இல்லை, மூடி மட்டும் வைக்கிறோம். வன்தட்டு ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்தாலும் அது வெளியே தெரியாமல் இருக்கலாம். புதுப்பிப்பு கேட்கும் மறுதொடக்கத்தில்தான் அது தெரியவரும். அப்படிப்பட்ட கணினியில் மென்பொருளை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. முதலில் தரவை வெளியே எடுக்க வேண்டும்.

சிறியதிலிருந்து பெரியதற்கு

விண்டோஸ் கணினி தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால், அதுவே மீட்புத் திரையைக் காட்டும். அங்கே ‘டிரபிள்ஷூட்’ என்பதையும் பிறகு ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுத்தால் பல வழிகள் தெரியும். எந்த வரிசையில் அவற்றை முயல்கிறோம் என்பது முக்கியம்.

முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. இது தொடக்கக் கோப்புகளை மட்டும் சரிபார்க்கும். அது பலிக்காவிட்டால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ மூலம் கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கலாம். அடுத்தது ‘சிஸ்டம் ரெஸ்டோர்’. முன்பே மீட்புப் புள்ளி பதிவாகியிருந்தால், கணினியின் அமைப்புகளை அந்த நாளுக்குத் திருப்பும். பிறகு பாதுகாப்பு நிலை. அதில் கணினி எழுந்தால் அடிப்படை நன்றாகத்தான் இருக்கிறது, கூடுதலாக ஏற்றப்படும் இயக்கியோ மென்பொருளோதான் தடுக்கிறது என்று பொருள். எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுப்பது.

‘ரீசெட்’ கடைசியில்தான் வர வேண்டும். அதிலும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்றால் கோப்புகள் இருக்கும், நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எல்லாமே போய்விடும். இந்த இரண்டு வரிகளையும் நிதானமாகப் படியுங்கள்.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஒழுங்குதான். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கை அணைத்துவிட்டு, தொடக்கத் தேர்வுகள் தெரியும்வரை மின்பொத்தானை அழுத்திப் பிடித்தால் மீட்பு நிலைக்குச் செல்லலாம். அங்கே வட்டைச் சரிபார்ப்பது முதலில், இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது பிறகு, அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கக் கற்றோமே, அதே முறைதான். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றி கணினி எழுந்துவிட்டால், எது சரிசெய்தது என்றே தெரியாது. எழாவிட்டால், எது மேலும் கெடுத்தது என்றும் தெரியாது.

48 இலக்கங்கள்

சில நேரம் புதுப்பிப்புக்குப் பின் பிட்லாக்கர் என்ற நீலத்திரை 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். இதைக் கண்டு ஊடுருவல் என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை. கணினியின் அடிப்படை மென்பொருள் மாறியதைக் கவனித்த பாதுகாப்புச் சில்லு, “உரிமையாளர்தானா?” என்று கேட்கிறது. பல புதிய மடிக்கணினிகளில் இந்தக் குறியாக்கம் நம்மைக் கேட்காமலே இயங்கத் தொடங்கியிருக்கும்.

அந்தக் குறியீடு பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திறன்பேசி வழியாகக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். பள்ளியோ பல்கலைக்கழகமோ நிர்வகிக்கும் கணினி என்றால் அவர்களிடம் இருக்கும். எங்குமே இல்லாவிட்டால் வன்தட்டில் உள்ளவற்றை நிபுணர்களாலும் படிக்க இயலாது. குறியாக்கத்தின் நோக்கமே அதுதான். ஆகவே குறியீட்டைத் தேடி முடிக்கும் முன் எதையும் அழிக்கக்கூடாது.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கற்றலுக்குப் பயன்படுத்தும் தனிப்பட்ட சாதனத்தில் பள்ளியின் மேலாண்மை மென்பொருள் இருக்கிறது. அதை வீட்டில் அழித்து நிறுவ முயலாதீர்கள். பள்ளியின் தகவல் தொழில்நுட்ப உதவிப் பிரிவிடம் கொண்டுசெல்லுங்கள். மற்றவர்கள் கடைக்குக் கொடுக்கும்போது “என்னைக் கேட்காமல் தரவை அழிக்க வேண்டாம்” என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

புதுப்பிப்பே வேண்டாமா?

இவ்வளவு தொல்லை எதற்கு, புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமே என்று தோன்றலாம். அதற்கும் வரலாறு பதில் சொல்லியிருக்கிறது. 2017 மார்ச் 14ஆம் தேதி விண்டோசில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற பிணைநிரல் அதே ஓட்டை வழியாக ஏறத்தாழ 150 நாடுகளில் புகுந்தது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் ரத்தாயின. அந்தப் புதுப்பிப்பை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், பழைய கணினியை அப்படியே வைத்துக்கொள்வதும் பாதுகாப்பானதல்ல. புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் எப்போது, என்ன ஆயத்தத்துடன் என்பதை நாம் முடிவுசெய்யலாம். நாளை காலை ஒப்படைப்பு என்றால் இன்றிரவு பெரிய புதுப்பிப்பு வேண்டாம். விண்டோசிலேயே அதைச் சில நாள் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது.

நம் பள்ளிகள் இணையத்தில் பாதுகாப்பாக இருக்கக் கற்றுத் தருகின்றன. நிரலிடவும் கற்றுத் தருகின்றன. நின்றுபோன கணினியின் முன் எப்படி யோசிப்பது என்பதற்கும் ஒரு பாடவேளை ஒதுக்கலாம். சாதனம் கையில் வரும் முதல் வாரத்திலேயே மீட்புத் திரையைத் திறந்து காட்டலாம், நகலெடுக்கப் பழக்கலாம். கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரிய திறன் அல்ல இது. தமிழ் இலக்கியம் படிப்பவரின் ஆய்வேடும் வன்தட்டில்தான் இருக்கிறது. நம் பல வீடுகளில் தாத்தா பாட்டியின் கணினிக்கும் நாம்தான் தொழில்நுட்பர். ஒரு தவறான அழுத்தலில் போவது அவர்களின் திருமணப் படமாகவும் இருக்கலாம்.

ஆகவே இந்த வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டில் ஒருமுறையும் மேகச் சேமிப்பில் ஒருமுறையும் நகலெடுங்கள். நகலெடுத்த ஒரு கோப்பைத் திறந்து அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். மீட்புக் குறியீட்டைத் தேடி எடுத்து, கணினியில் அல்லாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள மற்றக் கணினிகளுக்கும் இதையே செய்யுங்கள். அதன்பிறகு ‘அப்டேட்’ பொத்தானை அழுத்துங்கள்.