சுமந்து சென்றதைச் சுமந்து திரும்புவோம்

"காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற காரியமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. வழி தவறிவிடும், விலங்குகள் வரும், உடம்பு தாங்காது என்று காரணங்களும் கூறுவர். அதற்கு உடல் வலிமையைவிட ஒழுங்கே முதலில் வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஏரிக்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

புவியியல் பாடத்தில் நாம் படிக்கும் ஐம்பெரும் ஏரிகளுள் சுப்பீரியர் ஏரியே பெரியது. ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் தென்கரையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 'பிக்சர்டு ராக்ஸ்' என்னும் ஓவியப் பாறைகள் உள்ளன. 60 மீட்டர் உயரம் வரை எழும் மணற்பாறைகளில் கசியும் நீரிலுள்ள இரும்பு சிவப்பும், செம்பு நீலமும் பச்சையும், மாங்கனீசு கறுப்பும் தீட்டியிருக்கின்றன. 1966-ஆம் ஆண்டு இப்பகுதி அந்நாட்டின் முதல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்டது. மியூனிசிங் முதல் கிராண்ட் மரே வரை, பாறை விளிம்பிலும் காட்டினூடும் சுமார் 68 கிலோமீட்டர் நடைபாதை செல்கிறது.

இதில் நடந்து செல்வோர் கூடாரம், உணவு, அடுப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமக்க வேண்டும். எந்த இரவில் எந்த முகாமில் தங்குவது என்று முன்னதாகவே அனுமதி பெற வேண்டும். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஏரி நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். உணவை மட்டுமன்றி, சோப்பு, பற்பசை போன்ற மணமுள்ள பொருள்களையும் கூடாரத்துக்குள் வைத்திருக்கக் கூடாது. ஏனெனில் அது கறுப்புக் கரடிகள் வாழும் காடு. மனிதர் உணவை ஒருமுறை ருசித்த கரடி மீண்டும் மனிதரைத் தேடி வரும். ஆபத்தானது என்று கருதி இறுதியில் அதைக் கொல்லவும் நேரிடலாம். நம் அலட்சியத்துக்கு அந்த வாயில்லா ஜீவன் தண்டனை பெறுவது நியாயமா?

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு. குப்பை முழுவதையும் அவரவரே திரும்பச் சுமந்து வர வேண்டும் என்பதே அது. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. சென்ற ஆண்டு நாங்கள் ஓர் ஏரிக்கரைக்குச் சுற்றுலா சென்றோம். புளிசாதப் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் புல்வெளியிலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறினோம். சன்னல் வழியே பார்த்தேன். ஒரு பசு அந்தப் பையை மென்றுகொண்டிருந்தது. இறங்கிச் சென்று தடுக்க எனக்குத் துணிவில்லை. சுமக்கும்போது கனத்த பை, திரும்பும்போது வெறுமையாகத்தானே இருந்தது? குப்பையை எடுத்துவர ஏன் கை வரவில்லை?

தோழியரே, பத்திரமான வீட்டுக்குள் இருந்துகொண்டு பொறுப்பைக் கற்க முடியாது. திட்டமிடுதல், அளவோடு சமைத்தல், பகிர்ந்து சுமத்தல், இடத்தைத் துப்புரவாக்குதல் ஆகியவற்றை ஓர் இரவு முகாம் கற்றுத் தரும். படைப்பைக் காக்கும் பொறுப்பை இறைவன் நம்மிடம் ஒப்படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். படித்ததைச் செய்து பார்க்க வேண்டாமா?

அன்புள்ள பெற்றோரே, அருட்சகோதரிகளே! எங்களை உடனே காட்டுக்கு அனுப்பும்படி நான் கேட்கவில்லை. முதலில் பள்ளி மைதானத்திலேயே ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்க அனுமதியுங்கள். மறுநாள் காலையில் வந்து பாருங்கள். ஒரு காகிதத் துண்டு கிடந்தாலும், அடுத்த முகாமைக் கேட்க மாட்டோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி