பச்சை ஏரியைப் பார்த்து வந்தவர்களுக்கு ஒரு கேள்வி

பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் நம் புதுச்சேரிக்காரர்களில் பாதிப் பேர், ஊர் திரும்பியதும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "அங்கே இயற்கையில் கை வைப்பதே இல்லை, கடவுள் கொடுத்தது கொடுத்தபடி வைத்திருக்கிறான். நாம்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம்." இதோடு நிறுத்தினால் நான் பேசாமல் இருப்பேன். அடுத்த அடியும் உண்டு. "அங்கே அரசாங்கம் ஒரு வேலை தொடங்கினால் ஜனங்கள் ஒத்துழைக்கிறார்கள். இங்கே எதற்கெடுத்தாலும் கொடி பிடிக்கிறார்கள். நாடு எப்படி முன்னேறும்?"

இரண்டும் தவறு. அதை விளக்க, இவர்கள் கைப்பேசியில் அதிகம் காட்டும் இடத்தையே எடுத்துக்கொள்கிறேன்: தென் பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கு. நானும் ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் மகள் குடும்பத்தோடு மார்சேயிலிருந்து காரில் அந்தப் பாதையில் போய்வந்தவன்தான்.

அழகில் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. வலான்சோல் மேட்டு நிலத்தில் பாதாம் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே பூத்து நின்றன. எல்லோரும் படம் எடுக்கும் லாவாந்து அப்போது வெறும் சாம்பல் நிறப் புதர் வரிசை. அது பூக்க ஜூன் கடைசி ஆகும். தூரத்து மலைகளில் பனி இன்னும் கரையவில்லை. முஸ்தியே ஊரைத் தாண்டினால் பச்சை நிறத்தில் ஒரு பெரிய ஏரி. அதற்கு மேலே, சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது வெர்தோன் ஆறு. சில இடங்களில் 700 மீட்டர் ஆழம். பாறை உச்சியைச் சுற்றி வரும் சாலையைக் குளிர்காலம் முழுவதும் மூடிவிடுகிறார்கள், ஏப்ரல் நடுவில்தான் திறப்பார்கள். தடுப்புக் கட்டை வரை போய்த் திரும்பினோம். பரவாயில்லை, கீழ்ச் சாலையிலேயே கண் நிறைந்துவிட்டது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பச்சை ஏரியின் வயது என்ன தெரியுமா?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்கு பூகோளம் என்றால் காவிரி அல்ல, ரோன் நதி. ரோனின் துணையாறு துராந்ஸ், துராந்சின் துணையாறு வெர்தோன் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் நாங்கள். 1960களில் நாங்கள் பார்த்த எந்த வரைபடத்திலும் அந்த இடத்தில் ஏரி கிடையாது, இருக்கவும் முடியாது. சேந்த் க்ருவா அணை கட்டி, 1970களின் நடுவில் நீர் நிரப்பி உண்டாக்கிய ஏரி அது. சுமார் 2,200 ஹெக்டேர். நம் பேரப்பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு இருக்கும் வயதுதான் அந்த "இயற்கை"க்கும் இருக்கும்.

ஏரி மட்டுமல்ல. வெர்தோன் ஆற்றில் மேலும் கீழுமாக ஐந்து அணைகள். பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீர்கூட மேலே உள்ள மின் நிலையங்கள் திறந்துவிடும் கணக்குப்படிதான் ஏறும், இறங்கும். தென்கரைச் சாலை திறந்தது 1947இல். வானத்தில் வட்டமிடும் பாறு கழுகுகள் அந்தப் பக்கத்தில் அற்றே போய், 1999 முதல் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. கை வைக்காத இயற்கை என்பது இதுதானா?

இதற்கெல்லாம் மேலான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏரிக்கு அடியில் ஓர் ஊர் இருந்தது. பெயர் லே சால். வயலும் வீடுகளும் தேவாலயமுமாக இருந்த கிராமம். நீர் ஏறுவதற்கு முன்னால் அதை இடித்தும் வெடி வைத்தும் தரைமட்டமாக்கினார்கள். ஜனங்களை மேட்டில் புதிதாகக் கட்டிய ஊருக்கு மாற்றினார்கள். அதற்கும் அதே பெயரையே வைத்தார்கள். பக்கத்தில் "ஆயர் ஊற்று" என்று பெயர் பெற்ற பெரிய நீரூற்று ஒன்று இருந்தது. ஐரோப்பாவின் பெரிய ஊற்றுகளில் எண்ணப்பட்டது. அதுவும் உள்ளே போய்விட்டது. கலதா பாலத்தில் நின்று படம் எடுக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே மலைப்பக்கத்தில் கஸ்தெலான் வழியாகப் போகும் சாலைக்கு நெப்போலியன் பாதை என்று பெயர். 1815 மார்ச் 3 அன்று அவர் அந்த ஊரைக் கடந்து போனார், சில மணி நேரம். அதற்கு ஒரு நெடுஞ்சாலைக்கே பெயர் வைத்து, வழியெல்லாம் பலகை நட்டிருக்கிறார்கள். கடந்து போனவரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை மறந்துவிட்டோம்.

"அங்கே ஜனங்கள் ஒத்துழைக்கிறார்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். லே சால் ஜனங்கள் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை, எதிர்த்தார்கள், தோற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளத்தாக்குத் தண்ணீரையே சுரங்கம் வழியாகத் திருப்பிவிடத் திட்டம் போட்டுப் பாறையைக் குடைந்தார்கள்; பிறகு கைவிட்டார்கள். பாதியில் நின்ற அந்தச் சுரங்கங்களில்தான் இப்போது சுற்றுலாப் பயணிகள் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். திட்டம் நிறைவேறியிருந்தால் படம் எடுக்கப் பச்சைத் தண்ணீர் இருந்திருக்குமா?

இன்னொன்று. அந்த மலைகளின் வழியே 400 கிலோவோல்ட் மின் தடம் இழுக்க ஒரு திட்டம் வந்தது. உள்ளூர் ஜனங்களும் இயற்கை ஆர்வலர்களும் பல ஆண்டுகள் கொடி பிடித்தார்கள். ஆம், நம் நண்பர்கள் முகம் சுளிக்கும் அதே கொடிதான். 2006 ஜூலையில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்சேய் தெத்தா அந்தத் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்தது. அதனால் நாடு இருளில் மூழ்கிவிடவில்லை. பிறகு நிலத்தடிக் கேபிள் போட்டுக்கொண்டார்கள். ஆக, நீங்கள் எடுத்த படத்தில் ராட்சத மின் கோபுரம் குறுக்கே நிற்காததற்குக் காரணம் ஒத்துழைத்தவர்கள் அல்ல, மறுத்தவர்கள்.

"அப்படியானால் அணையே வேண்டாம் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. வெர்தோன் தண்ணீர்தான் கால்வாய் வழியே மார்சேய்க்கும் தூலோனுக்கும் போகிறது. மகள் வீட்டுக் குழாயில் நான் குடித்ததிலும் அது கலந்திருக்கும். நம் காரைக்கால் வயல்கள் 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையை நம்பித்தானே கிடக்கின்றன? அந்த அணைக்குள்ளும் ஊர்கள் போயின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி தலை காட்டுகிறது, பத்திரிகையில் படம் போடுகிறார்கள், வேடிக்கை பார்க்கிறோம். அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் பேசாதீர்கள் என்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வேலைக் காலத்தில் சில ஆண்டுகள் நில எடுப்புக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வாழ்க்கை அதில் ஒரே வரி: சர்வே எண், பரப்பு, கிணறு ஒன்று, தென்னை ஏழு, இழப்பீடு இவ்வளவு. கையெழுத்து, முத்திரை, கோப்பு மூடல். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் எதிரே வந்து நின்று "எங்கள் குலசாமி எந்தக் காலத்தில் வருமையா?" என்று கேட்டால், அதற்குப் படிவத்தில் காலம் இல்லை. இப்படிப்பட்டவர்கள் சாலையில் உட்கார்ந்தால் நாம் அவர்களை முன்னேற்றத்துக்கு விரோதி என்கிறோம். அதற்குச் சாட்சியாகப் பிரான்சைக் கூப்பிடுகிறோம். அந்தச் சாட்சி செல்லாது.

ஆகவே அன்பர்களே, போங்கள், கட்டாயம் போங்கள். முடிந்தால் மார்ச்சில் போங்கள், கூட்டம் இருக்காது. ஆனால் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தபின், மேட்டில் இருக்கும் புது லே சாலுக்கும் ஏறிப் போய்வாருங்கள். மருமகனையோ பேத்தியையோ பேச வைத்து, நம் வயதுள்ள ஒருவரிடம் "பழைய ஊர் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அவர் தண்ணீரைக் கைகாட்டுவார். அதன் பிறகும் "அங்கே யாரும் எதிர்ப்பதில்லை" என்று கடற்கரைச் சாலையில் சொல்ல உங்களுக்கு நா எழுந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.