நேச நாடு என்னும் பொய்ச் சொல்

உலகச் செய்தி எழுதுவோரோடு ஒரு சொல்லைக் குறித்து வழக்காட வந்திருக்கிறோம். "நேச நாடு" என்பதே அச்சொல். ஓர் அரசு மற்றோர் அரசோடு படைத்துணை உடன்படிக்கை செய்துகொண்டால், அன்றே நம் பத்திரிகைகள் அவ்விரண்டையும் நேச நாடுகள் என்று எழுதிவிடுகின்றன. பின்னர் அவற்றினிடையே பிணக்கு நேர்ந்தால், நேசம் முறிந்தது என்று இரங்குகின்றன. படிக்கின்ற நம்மவரும் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பரிதவிக்கின்றனர். எமது தோட்டத்தில் ஒரு மாமனும் மருமகனும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் பாகப் பிரிவினை அன்று. மாமன் அமெரிக்கா கட்சி. மருமகன் சீனா கட்சி.

எமக்குக் கிராணி உத்தியோகம். செம்பனைக் குலையை எந்த ஆலைக்கு, எந்த விலைக்கு, எத்தனை மாதத்துக்கு அனுப்புவது என்ற ஒப்பந்தக் காகிதங்கள் நாள்தோறும் எமது மேசையில் கிடக்கின்றன. விலை கட்டாவிட்டால் லாரி வேறு ஆலைக்குத் திரும்பும். இதுவரை எந்தக் கிராணியாவது "நேச ஆலை" என்று பேரேட்டில் எழுதியதுண்டா?

ஆங்கிலப் பள்ளியில் படித்த எமக்கு, இந்தச் சொல்லின் ஆங்கில மூலத்தில் அன்பு என்ற பொருள் எள்ளளவும் இல்லை என்பது தெரியும். கட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கட்டப்பட்டவர் என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. நேசத்தைச் சேர்த்தது நம் தமிழ். வேடிக்கையைப் பாருங்கள்! ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் சேர்ந்தபோது நாம் அவற்றுக்கு இட்ட பெயர் "அச்சு நாடுகள்." வண்டியச்சைப்போல ஓர் இயந்திர உறுப்பின் பெயர், யோக்கியமான பெயர். நம்மை ஆண்டவர் பக்கம் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அன்புப் பெயர் கிடைத்தது. இது மொழிபெயர்ப்பா, முகஸ்துதியா?

சொல்தானே, போகட்டும் என்பார் உண்டு. அவர்களுக்காக இந்த மண்ணின் கதையையே சொல்கிறோம்.

1902-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி லண்டனில் பிரிட்டனும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. இருவருக்கும் ருஷ்யாவிடத்து அச்சம். அந்த அச்சமே அங்கே கைகுலுக்கியது. 1905-இல் அதைப் புதுப்பித்தபோது இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் உரிமைகளைக் காப்பதும் அதில் சேர்ந்தது. அதாவது நம் தாய்நாட்டை இன்னொருவன் பிடியில் வைத்திருப்பதற்கு ஜப்பான் ஜாமீன் நின்றது! அந்த ஜாமீன் சிங்கப்பூரிலேயே பலித்தது. 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, இந்தியச் சிப்பாய்ப் படையான ஐந்தாம் லைட் இன்பான்ட்ரியில் கலகம் எழுந்தது. அதை அடக்கப் பிரெஞ்சு, ருஷ்ய மாலுமிகளோடு ஜப்பானிய மாலுமிகளும் கரையிறங்கினர். நகரில் குடியிருந்த ஜப்பானியரும் துப்பாக்கி ஏந்தினர். பிறகு ஊட்ரம் சிறைச்சாலையின் மதிலோரத்தில், ஊர் பார்க்க, 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1921-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் நான்கு வல்லரசுகள் புதிய உடன்படிக்கை எழுதின. பழையது 1923-இல் சட்டப்படி மடிந்தது. சண்டையில்லை, துரோகமில்லை, தேவை தீர்ந்தது, அவ்வளவே. பின்னர் அதே ஜப்பானை எண்ணிச் செம்பவாங்கில் கடற்படைத் தளம் கட்டினார்கள். 1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. புக்கிட் தீமாவின் போர்டு மோட்டார் தொழிற்சாலையில் பெர்சிவல் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்த நாள் எது? 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி! ஜப்பானியர் கைகொடுத்து அடக்கிய அந்தக் கலகம் எழுந்த அதே தேதி. இடையில் இருபத்தேழே ஆண்டுகள்.

அப்பொழுது நம்மவரில் பலர், ஆண்ட நேசனை விட்டு வந்த நேசனைப் பிடித்துக்கொண்டனர். ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கம் லயம் லயமாய்க் கேட்டது. நேதாஜியை நாம் குறை கூறவில்லை. அவர் ஜப்பானின் அன்பை நம்பிப் போனவரல்லர்; கணக்கறிந்து போனவர். கணக்கறியாதவர் லயத்தில் இருந்தவரே. டில்லிக்கு வழி காட்டிய கையே, மறுபுறம் சயாமுக்கு ஆள் பிடித்தது. சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அது முடிந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் அடியாலும் அந்தக் காட்டிலேயே மடிந்திருந்தனர். எமது பாட்டனாரின் தமையனாரும் அவர்களுள் ஒருவர். மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். அவருக்கு எந்த நேச நாடு கல்லறை கட்டிற்று?

யுத்தம் முடிந்ததும் நேசம் மறுபடி இடம் மாறிற்று. 1945 செப்டம்பரில் சைகோனில் இறங்கிய பிரிட்டிஷ் தளபதி கிரேசி, வியட்நாமியரை அடக்கச் சரணடைந்த ஜப்பானியப் படையினரையே ஆயுதத்தோடு பயன்படுத்தினார். அவர் தலைமையில் போனவர்களோ இந்தியச் சிப்பாய்கள். நேற்றைய பகைவனும் இந்திய ஏழையும் ஒரே வரிசையில் நின்று, பிரெஞ்சுக்காரனுக்குக் காலனியை மீட்டுக் கொடுத்தனர்.

மலாயாவிலோ இன்னும் விசித்திரம். ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன். 1946 ஜனவரியில் மவுண்ட்பேட்டன் பிரபு சிங்கப்பூரில் அவர்களுடைய தலைவர்களுக்குப் பதக்கம் அணிவித்தார். சின் பெங்குக்கு ஓ.பி.இ. பட்டமும் அறிவிக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. பட்டம் பறிபோயிற்று, பட்டம் பெற்ற தலைக்கு விலை வைக்கப்பட்டது, அவ்விலை பிறகு 2,50,000 வெள்ளி வரை ஏறியது. வல்லரசின் நேசம் ஒரு மனிதன் தலைமேல் எத்தனை நாள் தங்கும் என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டுமா?

ஹிட்லரை வீழ்த்திய கூட்டும் பொய்தானா என்று ஒரு நண்பர் எம்மைக் கோபத்தோடு கேட்டார். இல்லை. அந்தக் கூட்டு உலகத்துக்கு வேண்டியிருந்தது. அது வென்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதன் ஏட்டையும் புரட்டிப் பாருங்கள். 1939 ஆகஸ்டு 23-ந் தேதி ஜெர்மனியும் ருஷ்யாவும் பத்தாண்டுக்குப் போரில்லை என்று கையெழுத்திட்டன; இரண்டாண்டு நிறையுமுன், 1941 ஜூன் 22-ந் தேதி ஹிட்லர் ருஷ்யாமீது பாய்ந்தான். 1942 மே மாதத்தில் பிரிட்டனும் ருஷ்யாவும் இருபதாண்டு உடன்படிக்கை செய்தன. நான்காண்டு நிறையுமுன், 1946 மார்ச்சில், பதவியிழந்த சர்ச்சில் அமெரிக்காவின் புல்டன் நகரில் நின்று ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று பேசினார். நல்ல காரியத்துக்குக் கூடியவர்களும் காரியத்துக்கே கூடினார்கள். காரியத்தைப் பாராட்டுங்கள், கூடியவர்களின் இதயத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதாதீர்கள். வள்ளுவர் கூடா நட்பு என்று தனி அதிகாரமே வைத்துப் போயிருக்க, செய்தி எழுதுவோருக்கு நட்பென்றால் இன்னதென்று தெரியாமல் போனது எப்படியோ!

இவையெல்லாம் பழங்கதை, இக்காலத்து நாகரிக அரசுகள் அப்படியல்ல என்பாரும் உளர். 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரான்சோடு செய்திருந்த நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, அமெரிக்கா, பிரிட்டனோடு புதிய கூட்டில் சேர்ந்தது. பிரான்சு சீறி, வாஷிங்டனிலும் கான்பெராவிலும் இருந்த தன் தூதர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குத் துணை நின்றது பிரான்சு; இருநூறாண்டுப் பழைய உறவு! அதுவே ஒரு வியாபாரம் கைமாறியதால் முகம் திருப்பிக்கொண்டது. தூதர்கள் பிறகு திரும்பிப் போனார்கள் என்பதும் உண்மை. அதற்கும் காரணம் அன்பு அன்று.

இதோ கடைசிச் செய்தி. 2023 ஜனவரி 11-ந் தேதி லண்டன் கோட்டையில் பிரிட்டிஷ் பிரதமர் சுனக்கும் ஜப்பானியப் பிரதமர் கிஷிதாவும் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஒருவர் படை மற்றவர் நாட்டில் வந்து பயிற்சி செய்வதற்கு அது வழி செய்கிறது. நூறாண்டுக்கு மேலாக இரு நாட்டினிடையே இதுபோன்ற முக்கிய உடன்படிக்கை இல்லை என்று பிரிட்டிஷ் அரசாங்கமே பெருமை பேசியது. அன்று ருஷ்யாவை எண்ணிக் கூடியவர்கள், இன்று சீனாவை எண்ணிக் கூடுகிறார்கள். நாளை எவரை எண்ணிப் பிரிவார்களோ!

அதைப் படித்த மாமன் மகிழ்ந்தார், மருமகன் குமுறினார். இருவருடைய சம்பளமும் எமது செக்ரோலில்தான் எழுதப்படுகிறது. இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. அந்த உடன்படிக்கையால் இருவரில் ஒருவருக்கும் ஒரு காசு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஆசிரியர்மார்களைக் கேட்கிறோம். கூட்டு நாடு என்று எழுதுங்கள். உடன்படிக்கை நாடு என்று எழுதுங்கள். தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. நேசம் என்ற சொல்லைத் தாய்க்கும் பிள்ளைக்கும், கஷ்டகாலத்தில் அரிசி கொடுத்த அடுத்த வீட்டுக்காரிக்கும் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமும் அச்சொல் உங்கள் முதற் பக்கத்தில் ஏறினால், தேதியும் பக்க எண்ணும் குறித்து மீண்டும் எழுதுவோம்.